கடைக்குட்டிக்குக் கோடு கிடையாது

ஒரு கொடியைப் பற்றி நான் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தை மூன்று வருடமாக என்னை விடவில்லை. போர்த்துகல்லில், போர்ட்டோ நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு எங்கெங்கோ சுற்றி ஊர்க் கொடிகளில் வந்து நின்றது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கொடிப் பைத்தியம் உண்டு. அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். "உங்கள் நாட்டில் எல்லா ஊர்க் கொடியும் ஒரே அச்சு. ஒரே அலுவலகத்தில் படிவம் பூர்த்தி செய்த மாதிரி இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போவோவா டி வார்சிம் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு தோழி மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சூப்பைக் கலக்கிக்கொண்டே, "ஊரின் கொடியைப் பார்க்க யாராவது நகரசபைக் கட்டடத்துக்குப் போவார்களா?" என்று கேட்டாள். வேறு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போவோவா தூரமில்லை. போர்ட்டோ மெட்ரோவின் சிவப்புத் தடம் அங்கே போய்த்தான் முடிகிறது. வழியில் சோளக்கொல்லைகள், காய்கறித் தோட்டங்கள், கடைசியில் திடீரென்று அட்லாண்டிக். 1308-இல் தீனிஸ் மன்னர் அங்கிருந்த 54 குடும்பங்களுக்குப் பட்டயம் கொடுத்த நாளிலிருந்து அதற்கு ஊர் என்ற அந்தஸ்து. இருந்தாலும் அந்த ஊரின் கதையை மன்னர்களை வைத்துச் சொல்ல முடியாது. மீனவர்களை வைத்துத்தான் சொல்லவேண்டும். அது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

எட்டுத் துண்டும் ஐந்து கோபுரமும்

நான் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், என் பக்கத்துக்கும் நியாயம் வேண்டுமல்லவா. போர்த்துகல்லில் ஊர்ச் சின்னங்களுக்குக் கறாரான விதி இருக்கிறது. 1930 ஏப்ரலில் அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா நகரசபைகளும் தங்கள் சின்னத்தைச் சீர்படுத்திக்கொள்ள வேண்டும், அதற்குத் தொல்லியலாளர் சங்கத்தின் சின்னவியல் பிரிவு கருத்துச் சொல்லும் என்று ஏற்பாடு. அந்தப் பிரிவில் அஃபோன்சு டி டோர்னெலாஸ் என்ற மனிதர் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகச் சின்னம் வடித்துக் கொடுத்தார். ஒரு தேசத்தின் ஊர்ச் சின்னங்களில் பெரும்பகுதி ஒரே மனிதரின் ரசனை வழியாக வந்தால் ஒரே அச்சாகத்தானே தெரியும்? 1991-இல் வந்த சட்டமும் அதே சட்டகத்தைத்தான் இறுக்கிக் கட்டியது.

சட்டகம் இப்படி. நகரம் என்றால் கொடி எட்டுத் துண்டாகப் பிரியும், நடுப்புள்ளியிலிருந்து எட்டுத் திசைக்கும் பீட்சா வெட்டினாற்போல, இரண்டு நிறம் மாறி மாறி. நகரத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் சிற்றூருக்கு, அவர்கள் மொழியில் வீலாவுக்கு, அந்த எட்டுத் துண்டு உரிமை இல்லை. நடுவில் கேடயம். கேடயத்துக்குக் கீழே ஊர்ப்பெயர் எழுதிய நாடா. கேடயத்தின் தலையில் மதில்சுவர் மாதிரி ஒரு கிரீடம். அந்தக் கிரீடத்தில் எத்தனை கோபுரம் தெரிகிறது என்பதில்தான் ஊரின் தகுதி அடங்கியிருக்கிறது. கிராமத்துக்கு மூன்று, வீலாவுக்கு நான்கு, நகரத்துக்கு ஐந்து, எல்லாமே வெள்ளி. தலைநகர் லிஸ்பனுக்கும் ஐந்துதான், ஆனால் தங்கம்.

வாழ்நாளில் ஒரு மதில்சுவரைக்கூடப் பார்த்திராத ஊருக்கும் மதில் கிரீடம்தான். பதவி உயர்வு கிடைத்தால் தோள்பட்டையில் நட்சத்திரம் கூடுவதுபோல ஒரு கோபுரம் கூடும். போவோவா 1973-இல் நகரமானது. அதன் பக்கத்து ஊர் வீலா டூ கோண்டே, பெயரிலேயே 'வீலா'வை வைத்துக்கொண்டு 1980-களில் நகரமாகிவிட்டது. பெயர் நான்கு கோபுரத்தில் நிற்க, சின்னம் ஐந்துக்குப் போய்விட்டது. மெட்ரோவில் அந்த நிறுத்தத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு வரும்.

எல்லாக் கொடியும் உயிரற்றது என்று சொன்னால் அது அநியாயம். லிஸ்பன் கொடியில் ஒரு கப்பல் இருக்கிறது. அதன் முன்னும் பின்னும் இரண்டு அண்டங்காக்கைகள். 1173-இல் புனித வின்சென்டின் எலும்புகளைக் கப்பலில் கொண்டுவந்தபோது காக்கைகள் காவல் வந்தன என்பது கதை. ஒரு தலைநகரம் காக்கையைத் தன் சின்னமாக வைத்துக்கொள்ள ஒரு நெஞ்சுரம் வேண்டும். அந்தக் கறுப்பு வெள்ளை எட்டுத் துண்டுதான் ஜிப்ரால்டருக்கு எதிரே இருக்கும் சேயுதாவின் கொடியும். 1415-இல் போர்த்துகீசியர் பிடித்த ஊர் அது. இப்போது ஸ்பெயினிடம் இருக்கிறது, 1640-க்குப் பிறகு அது ஸ்பெயின் பக்கமே நின்றுவிட்டது. ஆனாலும் கொடியில் லிஸ்பனின் துண்டுகளையும் நடுவில் போர்த்துகல்லின் கேடயத்தையும் இன்னும் வைத்திருக்கிறது. வீடு மாறிப்போன பிறகும் பழைய வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட மனம் வராதவர்கள் இருக்கிறார்களே, அப்படி.

சரி, இதெல்லாம் தெரிந்துதான் நான் பேசினேன். தெரியாதது வேறு ஒன்று.

மேசையில் கத்தியால் கீறியது

அடுத்த வருடம் ஆகஸ்டில் தோழி என்னை ஊருக்கு அழைத்தாள். 15-ஆம் தேதி மாதாவின் விண்ணேற்புத் திருநாள், மீனவர்களின் திருவிழா. நகரசபை வாசலில் கொடியைப் பார்த்ததும் நான் வழக்கம்போலக் கோபுரங்களை எண்ண ஆரம்பித்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊர் அருங்காட்சியகத்தில் விட்டாள். 1937-இல் அன்டோனியோ டூஸ் சான்டூஸ் கிராசா என்ற ஊர்க்காரர் தொடங்கியது. மீனவர் வாழ்க்கையை ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு குறித்துவைத்த மனிதர். சுவரில் வரிசையாகக் கோட்டுருவங்கள். கோழிக்கால் மாதிரி ஒன்று, ஈட்டி மாதிரி ஒன்று, கவிழ்த்த கிண்ணம்போல ஒன்று, கையைத் தூக்காமல் வரையும் நட்சத்திரம் ஒன்று. குழந்தை கரித்துண்டால் கிறுக்கியதுபோல நேர்க்கோடுகள். "இதுதான் எங்கள் ஊர்க்கொடி, ஒன்றல்ல, வீட்டுக்கு ஒன்று" என்றாள்.

அவற்றின் பெயர் சீக்லா. போவோவா மீனவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலம். வலை, படகு, துடுப்பு, தக்கை, பாய், பிடித்த மீன், எல்லாவற்றிலும் குடும்பத்தின் சீக்லாவைக் கீறிவைப்பார்கள். ஒரே கடற்கரையில் நூறு படகு ஏறிக் கிடக்கும்போது யார் வலை யாருடையது என்று வேறு எப்படிச் சொல்வது? கடைக்காரர் கடன் நோட்டில் பெயர் எழுத மாட்டார், சீக்லாவை வரைந்து பக்கத்தில் தொகையைக் கோடு போட்டு வைப்பார். கல்யாணம் முடிந்ததும் கோயிலின் பொருளறை மேசையில் மாப்பிள்ளை தன் சீக்லாவைக் கத்தியால் கீறுவான். அதுதான் கையெழுத்து. செத்தால் கல்லறையிலும் அதுதான். வடக்கே யாத்திரை போன மீனவர்கள் வழியிலுள்ள சிற்றாலயங்களின் கதவுகளில் 'வந்தேன்' என்பதற்கு அடையாளமாகக் கீறிவிட்டு வந்திருக்கிறார்கள். கலீசியாவில் கடலைப் பார்த்து நிற்கும் சான்டா டிரெகா குன்றின் கோயில் வரைக்கும் சான்டூஸ் கிராசா அவற்றைத் தேடிப் போயிருக்கிறார்.

இவற்றை வைக்கிங்குகள் விட்டுச் சென்றவை என்று சொல்வோர் உண்டு. டென்மார்க்கில் பண்ணை வீடுகளுக்கு இதே மாதிரிக் குறிகள் இருந்தனவாம். இருக்கலாம். எனக்கு அந்த விவாதத்தில் பெரிய ருசியில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் கையில் கத்தியும் எதிரே மரமும் இருந்தால், நேர்க்கோட்டைத் தவிர வேறு எதைக் கீறுவான்? வளைவு கீறினால் கத்தி வழுக்கும்.

இரண்டு கோடு

அன்று சாயங்காலம் தோழியின் தாத்தாவுடைய அண்ணனைப் பார்க்கப் போனோம். எண்பதைத் தாண்டி வெகுநாளாகிவிட்ட மனிதர், இனி நான் தாத்தா என்பது இவரைத்தான். வாசலில் நாற்காலி போட்டு, முழங்கால்மேல் ஒரு கம்பளிப் போர்வையோடு, ஆகஸ்டில்! என்னை எங்கிருந்து வருகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "சீக்லா பார்க்கணுமாம்" என்று தோழி சொன்னதும் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, காபிக்கு வைத்த காகிதத் துடைப்பானில் வரைந்தார். கோழிக்கால். அதன் பக்கத்தில் இரண்டு சின்னக் குறுக்குக் கோடுகள்.

"இந்த இரண்டு கோடு என்ன?"

"நான் ரெண்டாவது."

அப்புறம் விளக்கினார். அப்பாவின் சீக்லாவை மகன்கள் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அப்படியே எடுக்க முடியாது. மூத்தவன் ஒரு கோடு சேர்க்கவேண்டும். அதற்குப் பெயர் பீக். இரண்டாமவன் இரண்டு, மூன்றாமவன் மூன்று. கடைக்குட்டிக்குக் கோடு கிடையாது. அப்பாவின் குறி ஒரு கீறல் கூடாமல் அவனுக்கே போகும்.

அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ புரண்டது. சின்னவியல் பற்றி நான் படித்ததெல்லாம் இதற்கு நேரெதிர். ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களில் தூய சின்னம் தலைமகனுக்கு. தம்பிமார்கள் தங்கள் கேடயத்தில் ஏதாவது ஒரு வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். போர்த்துகல் அரசர்களும் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். சிந்த்ரா அரண்மனையில் மனுவேல் மன்னர் கட்டிய சின்னங்களின் மண்டபம் இருக்கிறது. கூரை முழுக்க 72 பிரபுக் குடும்பங்களின் கேடயங்கள். யார் அரசருக்கு எவ்வளவு பக்கம் என்பது அண்ணாந்து பார்த்தாலே தெரியும்படி ஏற்பாடு. அதில் ஒரு குடும்பத்தின் சின்னத்தைப் பிற்பாடு அழித்துவிட்டார்கள். டாவரா குடும்பம். அப்போதைய மன்னரைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி 1759-இல் அந்தக் குடும்பத்தாரைக் கொடூரமாகக் கொன்றார்கள், சின்னத்தையும் சேர்த்து. மேலிருந்து கொடுத்ததை மேலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

கோழிக்காலை யாரும் கொடுக்கவில்லை, அதனால் யாரும் பிடுங்கவும் முடியாது. அதோடு அது கடைசி மகனுக்குப் போகிறது. ஏன் என்று கேட்டேன். தாத்தாவுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். "மூத்தவங்க கல்யாணம் பண்ணி வெளியே போயிடுவாங்க. கடைசிப் பையன்தானே வீட்டில் இருப்பான்? கிழவன் கிழவிக்குக் கஞ்சி ஊத்தறவனுக்குத்தானே வலையும் படகும்?" என்றார். கஞ்சி என்பது என் மொழிபெயர்ப்பு. அவர் சொன்னது முட்டைக்கோஸ் சூப்.

அப்படியானால் அப்பாவின் சீக்லா இப்போது உங்கள் தம்பியிடம் இருக்கிறதா என்றேன். தோழி என்னை ஒரு பார்வை பார்த்தாள், கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல. அவர் கடைசித் தம்பி, அதாவது தோழியின் தாத்தாவுக்கும் இளையவர், அறுபதுகளில் பிரான்சுக்கு ஓடிப்போனவர். அப்போது ஆப்பிரிக்காவில் போர்த்துகல்லின் காலனிப் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்களைப் பிடித்து அனுப்பினார்கள். நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் காட் மீன் பிடிக்கப் போகும் கப்பலில் தொடர்ந்து சில வருடம் வேலை செய்தால் ராணுவத்திலிருந்து விலக்கு உண்டு. தாத்தா அந்த வழியில் போனார். வருடத்தில் ஆறு மாதம், ஒற்றை ஆள் தோணியில், பனிமூட்டத்தில். தம்பி துப்பாக்கியும் வேண்டாம், தோணியும் வேண்டாம் என்று ஸ்பெயின் மலைகளைத் தாண்டிவிட்டார். ஆயிரக்கணக்கானோர் போன வழிதான். ஆக, அம்மாவுக்கு இருபது வருடம் சூப் ஊற்றியது இரண்டாமவர்.

"அப்போ நீங்கள் கோடு இல்லாமல் வரைந்துகொள்ளலாமே?"

அவர் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். "அது என்னுடையது இல்லையே, மகனே."

தாத்தா எண்ணிய கோபுரங்கள்

காபி முடிந்து கிளம்பும்போது என் பழைய பைத்தியம் சும்மா இருக்கவில்லை. கைபேசியில் எடுத்திருந்த நகரசபைக் கொடியின் படத்தைக் காட்டி, மூன்று, நான்கு, ஐந்து கோபுர விதியை அவருக்கு விளக்கினேன். எண்பது வயது மீனவருக்கு அவர் ஊர்க்கொடியை நான் விளக்குகிறேன், என்ன திமிர் பாருங்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலால் எண்ணினார். "கிராமத்துக்கு மூணு. வீலாவுக்கு நாலு. நமக்கு அஞ்சு." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ நாம வீட்டை விட்டு ரொம்பத் தூரம் போயிட்டோம்."

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. மெட்ரோவில் திரும்பும்போது, வீலா டூ கோண்டே நிறுத்தத்துக்குச் சற்று முன்னால்தான் உறைத்தது. அவர் கிரீடத்தைச் சீக்லாவாகப் படித்திருக்கிறார். அவர் வாழ்ந்த கணக்கில் கோடு கூடினால் பெருமை இல்லை. நீ அப்பாவின் வீட்டிலிருந்து எத்தனையாவது ஆளாக வெளியேறினாய் என்பதற்கான கணக்கு அது. அந்தக் கணக்குப்படி மூன்று கோபுரக் கிராமம்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. நகரம் வெளியே போனது. ஐந்து கோபுரம் வைத்த லிஸ்பன், தங்கமாகவே இருந்தாலும், சூப் ஊற்ற வராத மகன்.

இதைச் சட்டம் எழுதியவர்களிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். சரிதான். சீக்லாவைப் புனிதமாக்கவும் நான் தயாராக இல்லை. அது இப்போது பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. குளிர்பெட்டிக் காந்தங்களிலும் சாவிக்கொத்துகளிலும் இருக்கிறது. நகரசபை இல்லாவிட்டால், சான்டூஸ் கிராசா குறித்துவைக்காவிட்டால், நான் அந்தச் சுவரையே பார்த்திருக்க மாட்டேன். மேலிருந்து வரும் ஒழுங்கை நக்கல் செய்வது சுலபம். அது பாதுகாத்து வைத்ததைப் பார்க்கவும் அதே அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட் வாங்கவேண்டியிருக்கிறது.

தவிர, மீனவர்களும் அரசச் சின்னத்தை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் இல்லை. போவோவாவின் வெள்ளைக் கம்பளிச் சட்டையைப் பாருங்கள். கறுப்பு, சிவப்பு நூலில் குறுக்குத் தையல். நண்டு, குறுக்கே வைத்த துடுப்புகள், படகு, சீக்லா, நடுவே கிரீடத்தோடு போர்த்துகல் நாட்டின் கேடயம். எல்லாம் ஒரே மார்பில். 1892 பிப்ரவரி 27-ஆம் தேதி புயலில் கரைக்கு எதிரேயே 105 மீனவர்கள் செத்துப்போனார்கள், அதில் 70 பேர் போவோவாக்காரர்கள். ஊரே கறுப்பு உடுத்தியது, வெள்ளைச் சட்டை பெட்டிக்குள் போனது. இருபதாம் நூற்றாண்டில் நாட்டுப்புற நடனக் குழுவுக்காகத்தான் மறுபடி வெளியே வந்தது. 2021-இல் ஓர் அமெரிக்க ஆடை நிறுவனம் அதே சட்டையை மெக்சிகோ பாணி என்று பெயரிட்டு 695 யூரோவுக்கு விற்கப் பார்த்தது. போர்த்துகல்லே கொதித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எனக்கு அதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டின் கேடயத்தை நெஞ்சில் தைத்த சட்டையை இன்னொரு நாட்டுடையது என்று சொல்ல ஒரு தனி அசட்டுத் துணிச்சல் வேண்டும் என்பதுதான்.

அந்தத் துடைப்பான் இன்னும் என்னிடம் இருக்கிறது. காபிக் கறையோடு ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நான் அலுவலகத்தில் சொன்னதைத் தோழியிடம் திரும்பப் பெற்றுக்கொண்டேனா என்றால், முழுக்க இல்லை. எட்டுத் துண்டுக் கொடி இன்றும் எனக்கு அலுப்புத்தான். ஆனால் கோபுரத்தை எண்ணும்போது இப்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்குகிறது.

போன வருடம் பிரான்ஸ் தம்பியின் மூத்த மகன் கோடையில் ஊருக்கு வந்திருந்தாராம். பாரிஸ் பக்கத்தில் கட்டட வேலை, போர்த்துகீசியம் தட்டுத் தடுமாறித்தான் வரும். முன்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து பெரியப்பாவிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார். கோழிக்கால், ஒரு கீறல் இல்லாமல். தாத்தா கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்கப்பனோடது. நீ மூத்தவன், உனக்கு ஒரு கோடு வேணும்" என்று சொல்லியிருக்கிறார். பையன் சிரித்துவிட்டுப் போய்விட்டான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். இந்த ஆகஸ்டில் வந்தபோது கையில் ஒரு கோடு கூடியிருந்ததாம். தாத்தாவுக்கு இன்னும் திருப்தியில்லை. சாய்வாகப் போட்டுவிட்டான் என்று தோழியிடம் இரண்டு நாள் புலம்பினாராம்.